ஆய்வுக் கட்டுரை அச்சேறுவது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. இந்த முதுமொழியைத் தம் தொழிலுக்கே இலக்கணமாகக் கொண்டவர்கள் அறிவியலார். ஒரு விஞ்ஞானி புதிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். சில ஆண்டுகளில் அது நமது பாடநூலில் ஒரு வரியாகவும் இடம்பெற்று விடுகிறது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்த உண்மை நம் கைக்கு வந்து சேரும் பாதையில் ஒரு வாயில் இருக்கிறது. அந்த வாயிலுக்கு ஆய்விதழ் என்று பெயர். அதைக் கடக்க ஒரு கட்டுரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

ஆய்விதழ் தோன்றிய வரலாறு

முற்காலத்தில் அறிஞர்கள் தாம் கண்டவற்றை நண்பர்களுக்குக் கடிதமாக எழுதினர். சிலர் பிறர் களவாடி விடுவார்களோ என்று அஞ்சி மறைத்தும் வைத்தனர். கலிலியோ 1610-ஆம் ஆண்டில் சனிக்கோளைத் தொலைநோக்கியால் பார்த்துத் தாம் அறிந்ததை, எழுத்துகளை மாற்றிக் கலைத்து ஒரு விடுகதை போல அனுப்பினார். கண்டவர் தாமே என்ற உரிமையும் வேண்டும், மற்றவர் அறிந்துவிடவும் கூடாது என்பது அவர் நோக்கம்.

இந்நிலையை மாற்ற வழி கண்டவர்களுள் ஒருவர் ஹென்றி ஓல்டன்பர்க். லண்டன் ராயல் சங்கத்தின் செயலாளரான அவர், 1665-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். கண்டதை வெளிப்படையாகச் சொன்னவருக்கே முதல்வர் என்ற பெருமை என்னும் நியாயம் இத்தகைய இதழ்களால் நிலைபெற்றது. அந்த இதழ் இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின் தோன்றிய இதழ்களோ பல்லாயிரம்.

சிறுவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை

ஆய்வுக் கட்டுரை என்றதும் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியும் உடைய பேராசிரியர்தாம் நம் நினைவுக்கு வருவார். ஆனால் 2010-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அதே ராயல் சங்கம் நடத்தும் 'பயாலஜி லெட்டர்ஸ்' என்ற இதழில் வெளியான ஒரு கட்டுரையை எழுதியவர்கள் யார் தெரியுமா? இங்கிலாந்தில் டெவன் பகுதியிலுள்ள பிளாக்காட்டன் என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் படித்த, எட்டு முதல் பத்து வயது வரையுள்ள 25 குழந்தைகள்! நரம்பியல் அறிஞர் போ லாட்டோவும் பள்ளியின் ஆசிரியரும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஆய்வு நடந்த இடம் அவ்வூரின் பழைமையான தேவாலயம் என்பது நமக்கெல்லாம் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி.

அக்குழந்தைகள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. உடல் முழுதும் மயிரடர்ந்த பம்பிள்பீ என்னும் பெரிய தேனீயால் புதிர் ஒன்றை விடுவிக்க முடியுமா? ஒரு மலரின் நிறத்தை மட்டுமன்றி, அது எந்த மலர்களுக்கு நடுவே இருக்கிறது என்பதையும் அதனால் கவனிக்க முடியுமா?

இந்த ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டாகக் கொண்டால், எல்லா ஆய்வுக் கட்டுரைகளின் அமைப்பையும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

கட்டுரையின் உறுப்புகள்

முதலில் தலைப்பு. அது உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். அடுத்து வருவது சுருக்கம். ஆய்வின் கேள்வி, வழி, விடை மூன்றையும் ஒரே பத்தியில் அடக்குவது இது. நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் புரட்டும் அறிஞர் முழுவதையும் படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது இப்பத்தியைக் கொண்டுதான்.

மூன்றாவது முன்னுரை. இத்துறையில் முன்னோர் கண்டவை எவை, எஞ்சியுள்ள ஐயம் எது, அதை நாம் ஏன் எடுத்துக்கொண்டோம் என்பன இதில் இடம்பெறும்.

நான்காவது செய்முறை. கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது எனலாம். நாம் செய்ததை, முன்பின் அறியாத ஒருவர் வேறொரு நாட்டில் அப்படியே செய்து பார்க்கும் அளவுக்கு இது தெளிவாக இருக்க வேண்டும். 'கொஞ்சம் சர்க்கரை', 'சிறிது நேரம்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. பிளாக்காட்டன் குழந்தைகள் ஒளி வீசும் பெட்டி ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதியிலும் 16 வட்டங்கள். அவையே தேனீக்களுக்கு மலர்கள். இரண்டு பகுதிகளில் நடுவில் இருந்த 4 வட்டங்கள் நீலம், சுற்றியிருந்த 12 வட்டங்கள் மஞ்சள். மற்ற இரண்டில் நிறங்கள் இடம் மாறியிருந்தன. நடு வட்டங்களில் சர்க்கரை நீர், சுற்று வட்டங்களில் உப்பு நீர். எந்தத் தேனீ எது என்று தெரிவதற்காக, அவற்றைச் சற்று நேரம் குளிரில் வைத்து மயங்கச் செய்து, முதுகில் வண்ணப் புள்ளி இட்டனர். பாருங்கள், இதைப் படித்த நாமும் பெட்டியும் தேனீயும் கிடைத்தால் அந்த ஆய்வை நாளையே தொடங்கி விடலாம் அல்லவா? செய்முறை எழுதுவதன் பயன் இதுவே.

ஐந்தாவது முடிவுகள். என்ன கண்டோமோ அதை மட்டும் அட்டவணையாலும் படத்தாலும் காட்ட வேண்டும். பயிற்சி முடிந்த பின் சர்க்கரையும் உப்பும் இன்றி வெறும் மலர்களை வைத்துச் சோதித்தபோது, தேனீக்கள் பத்துக்கு ஒன்பது முறை நடு வட்டங்களையே நாடின. அக்குழந்தைகள் அத்தோடு நிறுத்தவில்லை. 'தேனீ நடுவில் போ என்ற ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டிருக்குமோ?' என்று தமக்குத் தாமே குறுக்குக் கேள்வி போட்டு, நடு வட்டங்களின் நிறத்தைப் பச்சையாக மாற்றியும் சோதித்தனர். தன் விடையைத் தானே சந்தேகிக்கும் இந்தக் குணமே ஆய்வாளருக்கு அழகு.

ஆறாவது விவாதம். முடிவுகளுக்குப் பொருள் என்ன, அவற்றின் எல்லை எது என்பதை இதில் எழுத வேண்டும். எல்லாத் தேனீக்களும் ஒரே வழியில் புதிரை விடுவிக்கவில்லை என்பதை அக்குழந்தைகள் மறைக்காமல் எழுதினர். நிறைவாக, உதவியோருக்கு நன்றியும், முன்னோர் கட்டுரைகளின் பட்டியலும் இடம்பெறும். பழைய கட்டுரைகளின் கடின மொழி குழந்தைகளுக்கு எட்டாததால், அவர்கள் கட்டுரையில் அப்பட்டியல் இல்லை. படங்களும் வண்ணப் பென்சிலால் வரையப்பட்டவையே. அவ்விதழோ துறை அறிஞர் இருவரைக் கொண்டு விளக்கவுரை எழுதச் செய்து, அதையும் சேர்த்து வெளியிட்டுக் குறையை நிறைவாக்கியது.

அனுப்பும் முன்னும் பின்னும்

கட்டுரையை எழுதி முடித்ததும் எந்த இதழுக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேனீயைப் பற்றிய கட்டுரையை விண்மீன் இதழுக்கு அனுப்பிப் பயனில்லை. ஒவ்வோர் இதழும் பக்க அளவு, பட அளவு, மேற்கோள் காட்டும் முறை ஆகியவற்றுக்கு விதி வகுத்துள்ளது. அவ்விதிகளின்படி கட்டுரையைத் திருத்தி, இதழாசிரியருக்கு ஒரு கடிதமும் இணைக்க வேண்டும். முன்னர் தட்டச்சுப் பிரதிகள் தபாலில் போயின. இக்காலத்தில் இணையத்தின் வழியே அனுப்புகின்றனர். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது முறையன்று. மனிதரையோ விலங்குகளையோ கொண்டு செய்த ஆய்வென்றால், உரிய குழுவின் அனுமதி பெற்றதையும், ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் ஆராயாமல் அச்சிடும் போலி இதழ்களும் உள்ளன. அவற்றிடம் ஏமாறாமல் இருப்பதும் அவசியம்.

இதழாசிரியர் கட்டுரையைப் பார்த்து, தகுதி உண்டு என்று கருதினால் அத்துறை அறிஞர் இருவர் அல்லது மூவருக்கு அனுப்புவார். இவர்களே மதிப்பீட்டாளர்கள். பெரும்பாலும் இவர்கள் யார் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாது. ஆண்டவரின் காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்ற புனித தோமையாரைப் போன்றவர்கள் இவர்கள். 'இதை எப்படி அளந்தீர்கள்? வேறு காரணம் இருக்கக் கூடாதா?' என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பின்னர் ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், ஏற்க இயலாது என்று இதழாசிரியருக்குப் பரிந்துரைப்பார்கள். திருத்தச் சொன்னால், ஒவ்வொரு வினாவுக்கும் வரிசையாக விடை எழுதித் திருத்திய பிரதியுடன் அனுப்ப வேண்டும்.

இந்தக் கேள்விகள் மேதைகளுக்கும் கசக்கத்தான் செய்யும். 1936-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைனும் அவருடைய உதவியாளர் ரோசனும், ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிவுடன் 'ஃபிசிக்கல் ரெவ்யூ' இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினர். மதிப்பீட்டாளர் அதில் பிழை இருப்பதாக எழுதினார். அச்சாகும் முன் தம் கட்டுரையைப் பிறரிடம் காட்டியதற்காகக் கோபம் கொண்ட ஐன்ஸ்டைன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் பிழை பிழைதான் என்பது பின்னர் அவருக்கே விளங்கியது. முடிவை மாற்றி எழுதி 1937-இல் வேறோர் இதழில் வெளியிட்டார். 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அமெரிக்காவின் லைகோ கருவிகள் ஈர்ப்பு அலையை நேராகவே பதிவு செய்தன. அன்று அந்த மதிப்பீட்டாளர் தயங்கி வாய்மூடி இருந்திருந்தால், ஐன்ஸ்டைனின் பெயரால் ஒரு தவறு அச்சேறி இருக்கும்.

பெயர் யாருக்கு?

கட்டுரையின் தலைப்பின் கீழ் யார் யார் பெயர், எந்த வரிசையில் வர வேண்டும் என்பது சிறிய செய்தியன்று. 1967-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானொலித் தொலைநோக்கியின் நீண்ட காகிதச் சுருள்களில் ஒரு விந்தையான துடிப்பைக் கண்டார். அதுவே பல்சார் என்னும் துடிப்பு விண்மீன். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையில் அவருடைய பேராசிரியர் ஹியூவிஷின் பெயர் முதலாவதாகவும், இவர் பெயர் இரண்டாவதாகவும் இருந்தன. 1974-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஹியூவிஷுக்குப் பங்கு உண்டு. பெல்லுக்கு இல்லை. ஆயினும் 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசை, வாய்ப்புக் குறைந்த மாணவ மாணவியர் இயற்பியல் ஆராய்ச்சி பயில உதவித்தொகையாக அவர் வழங்கிவிட்டார். பெண்களாகிய நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பெருந்தன்மை இது. உழைத்தவர் பெயரை உரிய இடத்தில் எழுதுவது நீதி என்பதையும் இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

பொய் அச்சேறினால்...

மதிப்பீட்டாளர்களால் எல்லாப் பொய்யையும் கண்டுபிடிக்க இயலாது. 1998-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில், 12 குழந்தைகளை மட்டும் கொண்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் எழுதிய கட்டுரை வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியை ஆட்டிசம் என்னும் குறைபாட்டுடன் தொடர்புபடுத்தும் ஐயத்தை அது கிளப்பியது. பயந்த பெற்றோர் பலர் ஊசி போடாமல் விட்டனர். பிரிட்டனில் தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. லட்சக்கணக்கான குழந்தைகளிடம் நடந்த பிற ஆய்வுகள் அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்று காட்டின. 2010-இல் இதழ் அக்கட்டுரையை விலக்கிக்கொண்டது. அந்த மருத்துவரின் பெயரும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் பரவிய அச்சம் இன்னும் முற்றிலும் அடங்கவில்லை. ஆய்வுக் கட்டுரையில் ஒரு பொய் எழுதுவது, முகம் அறியாத ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்வது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காத்திருந்த துறவி

உண்மையாக எழுதியவருக்கு உடனே புகழ் கிடைக்கும் என்பதும் இல்லை. புருனோ நகரில் புனித தோமையார் மடத்துத் துறவியான கிரெகோர் மெண்டல், ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட பாரம்பரிய விதிகளை 1865-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்நகர இயற்கை அறிவியல் சங்கத்தில் படித்தார். 1866-இல் சங்கத்தின் இதழில் அது அச்சாயிற்று. 40 தனிப்பிரதிகள் வாங்கினார், அறிஞர்களுக்கு அனுப்பினார். அதன் பெருமையை உணர்ந்தவர் அன்று எவரும் இல்லை. 1884-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 1900-ஆம் ஆண்டில்தான் மூன்று நாட்டு அறிஞர்கள் தனித்தனியே அவ்விதிகளின் சிறப்பை உலகுக்கு உணர்த்தினர். தெளிவாக எழுதி அச்சில் வைத்ததால் அல்லவா அந்த உண்மை முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது!

நாம் செய்யக்கூடியது

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, தமது 18-ஆம் வயதில், 1906-இல் லண்டனின் 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழில் முதல் கட்டுரையை வெளியிட்டார். அதே கைதான் 1928-இல் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து, சுமார் 60 திரவங்களில் ஒளியைச் செலுத்திக் கண்ட புதுமையைச் சிறு கடிதமாக 'நேச்சர்' இதழுக்கு எழுதியது. 1930-இல் நோபல் பரிசு தேடி வந்தது.

தோழியரே, நம் ஒவ்வொருவரிடமும் ஓர் ஆய்வேடு இருக்கிறது. அதுதான் நமது செய்முறைக் குறிப்பேடு. பாடநூல் சொல்லும் விடை வர வேண்டும் என்பதற்காக, ஊசல் காட்டாத எண்ணை எழுதும் ஆசை எவருக்கும் எழக்கூடும். சுண்ணாம்பு நீர் பால்போல் மாறவில்லை என்றால், மாறவில்லை என்றே எழுதுவோம். தேதியிட்டு எழுதுவோம். பக்கத்தில் நின்று உதவியவள் பெயரையும் எழுதுவோம். ஏன் மாறவில்லை என்று ஆசிரியையிடம் கேட்போம். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஓர் ஆய்வுக் கட்டுரை தொடங்குகிறது. 'உண்மையே பேசு' என்று சிறு வயது முதல் நமக்கு இங்கே கற்பிக்கப்படுவது ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும் அன்றோ?