ஓசை இருக்கிறது, பொருள் எங்கே?

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், ஆங்கிலத்துக்குப் பஞ்சமே இல்லை! 1934-இல் பால் பிரண்டன் எழுதிய நூல், மேல்நாட்டாரின் பார்வையை இந்த மலையடிவாரத்தின் பக்கம் திருப்பிற்று. அவர்களின் வருகை இன்றும் தொடர்கிறது. ஆகவே செங்கம் சாலையில் உணவு விடுதிப் பலகை ஆங்கிலம். வாடகை அறைப் பலகை ஆங்கிலம். ஆட்டோக்காரர் பேரம் பேசுவதும் பாதி ஆங்கிலம். அந்தத் தெருக்களிலே வளரும் பிள்ளைகள் ‘ஹலோ’ என்கிறார்கள், ‘ஹவ் ஆர் யூ’ என்கிறார்கள். கேட்டவர் வியக்கிறார்; பெற்றவர் பூரிக்கிறார்.

பூரிக்கட்டும், தடுக்கவில்லை! ஆனால், ஒன்று கேட்கிறோம். அதே பிள்ளையின் கையில் நான்கு வரி ஆங்கிலக் கதையொன்றைக் கொடுங்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ‘கதையிலே என்ன நடந்தது, சொல்லு கண்ணு’ என்று கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் வாய் திறப்பார்கள்?

இது ஓர் ஊரின் குறையல்ல. 2022-இல் இந்தியச் சிற்றூர்களில் நடந்த ‘அசர்’ ஆய்வில், எளிய ஆங்கில வாக்கியத்தைப் படிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. அப்படிப் படித்தவர்களிலும், படித்ததற்குப் பொருள் சொல்ல முடியாமல் நின்றவர்கள் பலர்.

ஏன் இந்த நிலை? ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். ‘கிடுவன் தொம்பாலில் மிளுக்கினான்.’ கிடுவன் எதில் மிளுக்கினான்? ‘தொம்பாலில்’ என்று உடனே சொல்லிவிடுவீர்கள். முழு மதிப்பெண்! ஆனால் கிடுவன் யார்? தொம்பால் என்பது என்ன? உங்களுக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. அவை எந்த மொழியிலும் இல்லாத சொற்கள்! பல வகுப்பறைகளிலே ஆங்கிலப் பாடத்துக்குக் கேள்வி பதில் எழுதப்படுவது இந்த முறையில்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்திலே தேடு, பக்கத்தில் உள்ளதை எடுத்து எழுது! சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. கிளியைக் குறை கூறுவானேன்? கூண்டு நாம் செய்தது!

இதே மலையின் வரலாற்றிலே இதற்கொரு சான்று உண்டு. 1896 ஆகஸ்டு 29. மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயது மாணவன், பாடத்தைச் சரிவரப் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் என்பார் எழுதிய ஆங்கில இலக்கணத்தின் ஒரு பகுதியை மூன்று முறை எழுத உட்கார்ந்தான். இரண்டு முறை எழுதினான். மூன்றாம் முறை எழுத மனம் வராமல் தூக்கிப் போட்டான். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவரை ரமணர் என்றது. அவர் நாடியது என்ன, அடைந்தது என்ன என்ற விவாதத்துக்குள் நாம் இறங்கவில்லை. நாம் பார்ப்பது அந்தத் தண்டனைப் பாடத்தை! மூன்று முறை எழுதினால் கை வலிக்கும், கருத்து விளங்குமா? நூற்றாண்டு கடந்தும், ‘பத்து தடவை எழுதிக்கொண்டு வா’ என்பது ஒழிந்ததா?

வழி என்ன? 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற அறிஞர்கள் எளிய கணக்கு ஒன்றை எழுதிக் காட்டினர். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று; மொழி விளங்கும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாசித்து உணரும் ஆற்றல். கூட்டல் அல்ல, பெருக்கல்! ஒன்று சுழியானால் விடையும் சுழி.

முதல் திறனுக்குப் பயிற்சி வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகளோ 44 அளவில். ‘பட்’ என்பதிலும் ‘புட்’ என்பதிலும் நடுவெழுத்து ஒன்றே, ஒலி வேறு! எழுத்தின் பெயரை மட்டும் கற்ற பிள்ளை இங்கே தடுமாறும். ஒலியைக் கற்பியுங்கள். ஒரே சிறுகதையை நான்கைந்து முறை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். எழுத்தெழுத்தாய்த் தடவிப் படிக்கும் பிள்ளை, வாக்கியத்தின் வாலைப் பிடிக்கும்போது தலையை மறந்துவிடுகிறது. வாய் சரளமானால்தான் மனம் பொருளின் பக்கம் திரும்பும்.

இரண்டாவது திறனுக்குப் பேச்சு வேண்டும். ‘மீனா கடைக்குப் போனாள், வானத்தைப் பார்த்தாள், குடையை எடுத்துக்கொண்டாள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கதை. ‘மீனா எதை எடுத்துக்கொண்டாள்?’ என்பது கிளிக்கேள்வி. ‘ஏன் எடுத்துக்கொண்டாள்?’ என்று கேளுங்கள்! மழை என்ற சொல்லே கதையில் இல்லை. ஆனாலும் பிள்ளை, ‘மழை வரும்ல, அதுக்குத்தான்’ என்கிறது. அங்கேதான் வாசிப்புப் பிறக்கிறது! படிக்குமுன் படத்தைக் காட்டி, ‘என்ன நடக்கப் போகிறது?’ என்று கேளுங்கள். படித்தபின், ‘நீயாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள்.

‘பிள்ளை தமிழில் பதில் சொன்னதே!’ என்று பதறுவோர் உண்டு. சொல்லட்டுமே! பொருள் விளங்கிற்றா என்பதல்லவா கேள்வி? தமிழில் விளங்கியதை ஆங்கிலத்தில் சொல்ல நாளை பழகிக்கொள்ளும். எதிலும் விளங்காததை எந்த மொழியில் சொல்லும்? தாய்மொழி வழியே தொடக்கக் கல்வி நடப்பதே சிறப்பு என்று யுனெஸ்கோ அறிஞர்கள் 1953-இலேயே எடுத்துரைத்தனர். தமிழும் ஆங்கிலமும் என்று 1968-இல் சட்டமன்றத்திலே தீர்மானித்த நாடு இது. தமிழ் ஏணி, ஏணியை உதைத்துவிட்டு மாடியேறச் சொல்வது மதியீனம்!

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்துக் கற்பிக்க முனைந்தது. வயதைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் படியைப் பார்ப்பது நல்ல நெறி. ஆனால், பள்ளி மணி அடித்த பிறகு? பணம் படைத்த வீட்டிலே படக்கதை நூல்கள் அடுக்கியிருக்கின்றன. கிரிவலப் பாதையில் பூக்கட்டும் தாயின் வீட்டிலே?

அங்கேயும் வழி உண்டு. தெருப்பலகையே பாடநூல்! ‘நோ பார்க்கிங்’ என்று பிள்ளை படித்தால், ‘அப்படின்னா என்னடா? யாருக்காக எழுதி வச்சிருக்காங்க?’ என்று அந்தத் தாய் கேட்கலாம். பள்ளியிலே படித்த ஆங்கிலக் கதையைத் தமிழிலே சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு அவர் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். ‘எனக்கு என்ன தெரியும்’ என்று ஒதுங்கி நிற்கும் தாய்மார்களுக்கு இதைச் சொல்வது ஆசிரியரின் கடமை, நம் கடமை.

ஒலிக்கப் பழகிய பிள்ளை கட்டளையைத் திருப்பிச் சொல்லும். உணரப் பழகிய பிள்ளை, ‘ஏன்?’ என்று கேட்கும். ஏழை வீட்டுப் பிள்ளையின் வாயில் அந்த ‘ஏன்’ எழவேண்டும். தமிழிலும் எழட்டும், ஆங்கிலத்திலும் எழட்டும்!