கூண்டுக்குள் ஒரு மலை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், தேயிலைச் செடிகள் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. சுங்கை பாலாஸ் தோட்டத்திற்கு மேலே பிரிஞ்சாங் மலையில் ஏறிச் சென்றால், கிளைகளையெல்லாம் பாசி போர்த்தியிருக்கும் காட்டை அடையலாம். இப்பகுதியின் மலைக்காடுகளில் பெரிய ஓணான் ஒன்று வாழ்கிறது. அதன் கழுத்தின் பின்புறத்தில் முள் போன்ற கொண்டை உண்டு. தொண்டையின் கீழே தோற்பை தொங்கும். மரத்தண்டோடு ஒட்டிக்கொண்டு அது நெடுநேரம் அசையாமல் இருக்கும். ஆள் நெருங்கினால், மெல்ல நகர்ந்து தண்டின் மறுபக்கம் மறைந்துவிடும். பச்சையாக இருந்த உடல் சற்று நேரத்தில் பழுப்பாக மாறுவதும் உண்டு.

நிறம் மாறுவதால் இதனைப் பச்சோந்தி என்று நினைப்போர் உள்ளனர். மலாய்மொழியில் இத்தகைய ஓணான்களைச் 'செசும்பா' என்பர். ஆயினும், மலேசியக் காடுகளில் உண்மையான பச்சோந்தி இல்லை. இந்த ஓணான் 1908-ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. சிலாங்கூர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ராபின்சன் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

உண்மையான பச்சோந்தியை அடையாளம் காண்பது எளிது. அதன் விரல்கள் இரு பிரிவாகச் சேர்ந்து, இடுக்கியைப் போலக் கிளையைப் பற்றும். இரு கண்களும் தனித்தனியே வெவ்வேறு திசையில் சுழலும். நாக்கு உடலைவிட நீளமாகப் பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கர் தீவிலும் பச்சோந்தி இனங்கள் மிகுதி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓர் இனம் வாழ்கிறது. அடிக்கடி கொள்கை மாறுபவரைத் தமிழர் 'பச்சோந்தி' என்று பழிப்பதுண்டு. உண்மையில் பச்சோந்தி பிறரை ஏமாற்றுவதற்காக மட்டும் நிறம் மாறுவதில்லை. அச்சம், சினம், குளிர், வெப்பம் ஆகியவற்றையும் அதன் தோல் வெளிப்படுத்துகிறது. தோலிலுள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்பதை ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விளக்கினர்.

இந்த விந்தையே அதற்கு ஆபத்தாகவும் முடிகிறது. அரிய பெரிய பச்சோந்தியை வீட்டில் வளர்க்க வேண்டும் என்னும் ஆசை உலகெங்கும் பலருக்கு உண்டு. அவர்கள் பெரிதும் விரும்பும் இனங்களுள் ஒன்று, மடகாஸ்கரின் ஈரமான காடுகளில் வாழும் பார்சன் பச்சோந்தி. உலகின் மிகப் பெரிய பச்சோந்திகளுள் ஒன்றான இது, வாலோடு சேர்த்து 60 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். அதை வாங்கும் விலையை மட்டுமே பலர் கணக்கிடுகின்றனர். அது முதற்செலவுதான், பெருஞ்செலவு அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

முதலில் இடம் வேண்டும். மரத்தில் வாழும் இவ்வுயிருக்கு அகலத்தைவிட உயரம் மிகுந்த வலைக்கூண்டு தேவை. கண்ணாடித் தொட்டியில் காற்றோட்டம் குறையும். தன் பிம்பத்தையே எதிரி என எண்ணி அது கலங்கவும் கூடும். கூண்டு முழுவதும் உயிருள்ள செடிகளும் உறுதியான கிளைகளும் இருத்தல் வேண்டும். ஒரு கூண்டில் ஒன்றைத்தான் வளர்க்க இயலும். பச்சோந்தி தனிமையை நாடும் உயிர்.

அடுத்தது நீர். பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்து நீரைத் தேடிக் குடிப்பதில்லை; இலையில் உருளும் துளிகளையே நக்கிக் குடிக்கும். ஆகவே, நாள்தோறும் பலமுறை நீர் தெளிக்க வேண்டும் அல்லது அதற்கென ஒரு கருவியைப் பொருத்த வேண்டும்.

மூன்றாவது ஒளி. கதிரவனின் புற ஊதாக் கதிர் கிடைக்காவிட்டால், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அதன் உடல் ஏற்காது. எலும்புகள் மென்மையாகி வளைந்துவிடும். அதற்குரிய சிறப்பு விளக்கின் ஆற்றல், வகையைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் குறைந்துவிடுகிறது. விளக்கோ தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும். ஒளி இருக்கிறதே என்று நம்பியவர், பச்சோந்தியின் கால் வளைந்த பிறகே தவற்றை உணர்கிறார்.

நான்காவது குளிர். மலைக்காட்டுப் பச்சோந்திக்குப் பகலில் மிதமான வெப்பமும் இரவில் நல்ல குளிர்ச்சியும் தேவை. கோலாலம்பூர் போன்ற சமவெளி நகரத்தில் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும். அங்கே குளிரூட்டி இயங்கியாக வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் அவ்வுயிரின் நலமே கேள்விக்குறியாகும்.

இவற்றோடு உயிருள்ள பூச்சிகள் வேண்டும். அந்தப் பூச்சிகளுக்கும் சத்துணவு கொடுத்து வளர்க்க வேண்டும். நோய் வந்தால், ஊர்வனவற்றை நன்கு அறிந்த கால்நடை மருத்துவரைத் தேட வேண்டும். பச்சோந்தி தன் நோயை எளிதில் காட்டிக்கொள்ளாது. கண் மூடிச் சோர்ந்து கிடப்பதைக் காணும்போது, பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இச்செலவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நீர்த்துளி, மென்வெயில், இரவுக்குளிர், ஈரக்காற்று, பூச்சி ஆகிய அனைத்தையும் மலைக்காடு செலவின்றித் தருகிறது. வளர்ப்பவர் பெரும்பணம் கொடுத்து அந்த மலையைத்தான் ஒரு கூண்டுக்குள் அமைக்க முயல்கிறார்.

காடு செலுத்தும் விலை இதைவிடப் பெரியது. பார்சன் பச்சோந்தி மெதுவாகவே வளர்கிறது. மண்ணில் புதைத்து வைக்கும் அதன் முட்டைகள் பொரிய ஓராண்டுக்கும் மேலாகும். ஏறக்குறைய ஈராண்டு ஆவதும் உண்டு. ஒரு தாயைப் பிடித்துவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்யக் காட்டுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். இதனால்தான், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் பச்சோந்திகளும் இடம்பெற்றுள்ளன. 1995-இல் மடகாஸ்கரின் பெரும்பாலான பச்சோந்தி இனங்களின் வணிகம் நிறுத்தி வைக்கப்பட்டது. மலேசியாவும் இவ்வொப்பந்தத்தில் இணைந்துள்ளது. இதற்கென 2008-ஆம் ஆண்டுச் சட்டமும், உள்நாட்டு விலங்குகளுக்கென 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இங்கு உள்ளன. பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை இதனைக் கண்காணிக்கிறது.

கேமரன் மலையின் ஓணான்களுக்கும் இப்பாடம் பொருந்தும். இம்மலைத்தொடரில் வாழும் கொம்புடைய ஓணான் ஒன்று தனி இனம் என்று அறியப்பட்டதே 2009-இல்தான். முழுமையாக அறியும் முன்னரே ஓர் உயிரை இழந்துவிடலாகாது.

'வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதுபோல' என்பது பழமொழி. வீண் வம்பை விலைக்கு வாங்குபவரை அது எச்சரிக்கிறது. மலைக்காட்டு ஓணானைப் பொறுத்தவரை, துன்பம் மடியில் விட்டுக்கொண்டவருக்கு மட்டுமன்று, ஓணானுக்கும் உண்டு. தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் அதைக் காண்பவர், சற்றுத் தொலைவில் நின்று பார்த்துவிட்டு நடந்தால் போதும். அதற்குச் செலவு ஏதுமில்லை. மறுநாளும் அந்த ஓணான் அதே காட்டில் இருக்கும்.