பத்தி இறக்குமுன் ஒரு நாள்

வீடும் வளவும் – 14

மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில், வீட்டோடு ஒட்டிக் கூரையை நீட்டி ஒரு பத்தியை இறக்கிக்கொண்டு இருப்பது கிழக்கின் பழைய வழக்கம். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் போனால் இன்றும் அந்த வேலை நடப்பதைப் பார்க்கலாம். அதற்கு மேசன் மட்டும் போதுமா, பிளான் கீறத் தெரிந்த ஒருவரும் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டும் என்பதே என் பதில்.

2004 சுனாமிக்கும் 2006 யுத்த இடம்பெயர்வுக்கும் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த வீடுகளில் பல உதவித் திட்டங்களால் வந்தவை. இந்திய வீட்டுத்திட்டத்தின் 2012இல் தொடங்கிய பெரும்பகுதியில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள்; வீட்டின் அளவு சுமார் 550 சதுர அடி. கட்டியது வீட்டுக்காரர்தான். ஆனால் காசு தவணை தவணையாகத்தான் வந்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தார். வேலை பிழையென்றால் அடுத்த தவணையை நிறுத்திவைக்க அவரால் முடிந்தது. அந்த வீட்டோடு சேர்த்து இன்று பத்தி இறக்கும்போது அப்படிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

"தம்பி, இந்தக் கூரைய இப்பிடியே இழுத்து விட்டாச் சரிதானே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "சரி ஐயா, செய்யலாம்" என்பார் மேசன். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பழைய கூரையின் இறக்கம் ஒன்பது அடி உயரத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பாகைச் சரிவிலேயே இன்னும் பத்து அடி நீட்டினால், வெளிச்சுவரில் உயரம் ஐந்தரை அடிக்குக் கீழே போய்விடும். குனிந்துதான் நுழைய வேண்டும். அதனால் சரிவைக் குறைக்கிறார்கள். மாரியில் வாடைக்காற்று தள்ளும் மழைநீர் அந்தத் தட்டையான சீற்றுகளின் பொருத்துக்குள் ஏறி உள்ளே ஒழுகும். இல்லாவிட்டால் தலை தட்டாமல் இருக்க நிலத்தைத் தாழ்த்துகிறார்கள். வெருகலில் இதைவிட ஆபத்தான வேலை இல்லை. வெருகலாறு மகாவலியின் கிளை. மலைநாட்டில் கொட்டும் மழைக்கு இங்கே, வானம் வெளித்திருக்கும் நாளிலும், வெள்ளம் வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததை இந்தப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். பழைய வீட்டின் நிலத்தைவிட அரை அடி தாழ்ந்த அறையில்தான் தண்ணீர் முதலில் நிற்கும், அந்த அறையில் படுத்திருப்பது பெரும்பாலும் வீட்டின் மூத்தவர்.

சுவரிலும் இதே கதைதான். பழைய அத்திவாரம் இருந்து இறுகிவிட்டது. புதியது இனித்தான் இறங்கும். இரண்டு சுவரையும் கல்லோடு கல் பிணைத்துக் கட்டினால் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு ஓடும். களிமண் வளவென்றால் இன்னும் விரைவாக. அங்கே திட்டமிட்டே ஓர் இடைவெளி விட்டு, அதை மழை போகாமல் மூடுவதுதான் வழி. இதை முன்கூட்டிச் சொல்லத்தான் ஆள் வேண்டும். மேசன்மாரின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாட்கூலிக்கு வந்தவர் வேலையை நிறுத்தி யோசிக்க, யாரும் அவருக்குக் காசு கொடுப்பதில்லை.

கட்டடக் கலைஞர் என்றாலே கொழும்புப் பணக்காரருக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டபுலுவவில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் வரைந்தபோது, குடியிருக்கப்போகும் குடும்பங்களிடம் எப்படிச் சமைக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கோடு கீறினார். வெருகலுக்கு வேண்டியதும் அந்தக் கேள்விகள்தான். எந்தக் காலத்தில் எந்தப் பக்கக் காற்று, சென்ற வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது, பத்தி அடைத்துவிடும் பழைய யன்னலுக்குப் பதிலாக நடு அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்?

ஓரறைப் பத்திக்கு முழு நேரக் கட்டடக் கலைஞர் தேவையில்லை. அத்திவாரம் வெட்டுமுன் அனுபவமுள்ள படவரைஞர் ஒருவரை ஒரு நாள் கூப்பிட்டு, நிலமட்டத்தையும் கூரைச் சரிவையும் தாளில் கீறி வாங்குங்கள். கூலியை முதலே பேசி முடியுங்கள். பிரதேச சபையில் அனுமதி கேட்கவும் அந்தப் படம் உதவும். மேல்மாடி எடுப்பதென்றால் பொறியியலாளர் இல்லாமல் தொடவே வேண்டாம். ஓட்டுக்கும் சீற்றுக்கும் போட்ட அத்திவாரம் கொங்கிறீற்றுத் தட்டைத் தாங்கும் என்று யாரும் உங்களுக்கு உறுதி சொல்லவில்லை.

பத்தியோடு சேர்ந்து இடம் மாறும் மலசலகூடக் குழியையும் கிணற்றையும் பற்றி அடுத்த வாரம்.