டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: தொலைவு கூடியும் பயண நேரம் குறைந்தது எப்படி?

டெல்லிக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 12,400 கிலோமீட்டர். ஆனால், இடைநில்லா விமானங்கள் பறக்கும் தொலைவு இதைவிட அதிகம். பயண நேரமோ இந்த இரண்டு கணக்குகளுக்கும் கட்டுப்படுவதில்லை.

உலக உருண்டையில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், அந்த நூல் சீனா, சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், அலாஸ்கா வழியாகச் செல்லும். மேற்கூறிய 12,400 கிலோமீட்டர் என்பது அந்த நூலின் நீளமே. டெல்லியிலிருந்து அதே கோட்டில் புறப்பட்டால், இமயமலையும் திபெத் பீடபூமியும் குறுக்கே வரும். விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு உடனே இறங்க வேண்டும். அங்கு நிலமே அதைவிட உயரமாக இருக்கிறது. ஆகவே, விமானங்கள் அப்பகுதியைச் சுற்றிக்கொண்டே செல்கின்றன.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில்தான் காற்றின் பங்கு வருகிறது. ஏர் இந்தியா இத்தடத்தில் தொடக்கத்தில் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாகப் பறந்தது. தொலைவு சுமார் 13,900 கிலோமீட்டர். நேரம் 16 மணிக்கும் மேல். 2016 அக்டோபரில் அந்நிறுவனம் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாக விமானத்தை இயக்கியது. தொலைவு 15,300 கிலோமீட்டராக உயர்ந்தது. ஆனால், பயணம் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் 'ஜெட்' காற்றோட்டம் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளியதே காரணம். சராசரி வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டியது. எரிபொருள் செலவு பறக்கும் நேரத்தைப் பொறுத்தே அமைவதால், நிறுவனத்துக்கும் இது இலாபமே.

காற்றைக் கணிக்கலாம்; அரசுகளின் முடிவுகளைக் கணிப்பது கடினம். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தனது வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற நேர்ந்தது. வட அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் வியன்னா, கோபன்ஹேகன் ஆகிய நகரங்களில் எரிபொருள் நிரப்ப இறங்கின. டெல்லி – வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்தியது. புதுப்பிப்புப் பணியால் ஏற்பட்ட விமானப் பற்றாக்குறையுடன் இந்த வான்பரப்பு மூடலையும் அது காரணமாகக் கூறியது. வயதான பெற்றோரை அமெரிக்காவுக்குத் தனியே அனுப்பும் குடும்பங்களுக்கு, இடைநில்லாச் சேவை ஒன்று குறைவது சிறிய இழப்பன்று. பயணச்சீட்டு வாங்கும்போது இடையில் எரிபொருளுக்காக இறங்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பயணச்சீட்டில் உள்ள நேரங்களும் பலரைக் குழப்புகின்றன. அவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ இந்தியாவைவிடப் பதின்மூன்றரை மணி நேரமும், கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்தங்கியுள்ளது. எடுத்துக்காட்டாக, குளிர்காலத்தில் திங்கள் அதிகாலை 4 மணிக்கு டெல்லியில் புறப்படும் விமானம் பதினைந்தரை மணி நேரம் பறந்தால், அங்கு இறங்கும்போது அதே திங்கள் காலை 6 மணிதான் ஆகியிருக்கும். திரும்பும்போது, அங்கே திங்கள் காலை 10 மணிக்கு ஏறுபவர், 16 மணி நேரம் பறந்து, டெல்லியில் செவ்வாய் பிற்பகல் 3.30 மணிக்கு இறங்குவார்.