கைக்குழந்தைகளில் கக்குவான் இருமல்

கக்குவான் இருமல் என்பது போர்டெடெல்லா பெர்டூசிசு என்னும் பாக்டீரியாவால் ஏற்படும் தொற்றுநோய் ஆகும். நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் வழியே இது பரவுகிறது.

பரவும் முறை

கைக்குழந்தைகளுக்கு இந்நோய் பெரும்பாலும் வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது. பெரியவர்களின் தடுப்பாற்றல் ஆண்டுகள் செல்லக் குறைவதால் அவர்களுக்கும் நோய் தொற்றும். எனினும் அது வெறும் நாட்பட்ட இருமலாகவே தோன்றும். பட்டாசு மருந்துத் தூசியும் இருமலை உண்டாக்கக்கூடும் என்பதால், சிவகாசி போன்ற ஊர்களில் நீடித்த இருமலைத் தூசியால் வந்தது எனக் கருதிவிடலாகாது. இளங்குழந்தைகள் சில வேளைகளில் இருமாமலேயே மூச்சு நின்று நீலம் பாய்வதுண்டு.

தடுப்பு

விருதுநகர் மாவட்டம் உள்ளிட்ட தமிழ்நாட்டில் 2011 திசம்பர் முதல் பென்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14 ஆவது வாரங்களில் இடப்படுகிறது. முதல் ஊசிக்கு முந்தைய வாரங்களில் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருட்களே காப்பு. கருவுற்ற தாய் டிடாப் தடுப்பூசி பெற்றால் அவை கருவிலேயே குழந்தையைச் சென்றடைகின்றன.