மூட்டு மாத்தியாச்சு, மறுபடி விளையாடலாமா?



போன மகளிர் தின விழாவில் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. வருஷா வருஷம் முன்னால் நின்று இழுக்கும் ஒரு அக்கா, அன்று ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. "அடுத்த வருஷம் நான் கயிறு பிடிக்கலாமா?" என்று கேட்டார்.

எங்களுக்கு உடனே இன்னொரு உறுப்பினரின் ஞாபகம் வந்தது. அவருக்கும் இதே ஆபரேஷன்தான். பார்க்கப் போன நாங்கள், "நல்லா படுத்து ரெஸ்ட் எடுங்கக்கா"ன்னு சொல்லிவிட்டு வந்தோம். மகளும் பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வைத்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வலி. அன்று நாங்கள் சொன்னது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தேய்ந்த எலும்பு முனைகளுக்குப் பதில் உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவது டாக்டர் வேலை. அந்த மூட்டைத் தாங்கும் தொடைத் தசைக்குப் பலம் கொடுப்பது பயிற்சிதான். அதை நாம்தான் செய்ய வேண்டும்.

முதல் 2 வாரம்: ஆபரேஷன் அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். பயப்பட வேண்டாம். பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி அசைக்க வேண்டும். ரத்தம் கட்டாமல் இருக்க இது உதவும். தொடையை இறுக்கி 5 எண்ணி விட வேண்டும். குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்கிப் பழக வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை கூடாது. துணியைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தால் கால் நன்றாக நீளும்.

2 முதல் 6 வாரம்: வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறலாம். தடியை நல்ல கால் பக்கக் கையில் பிடிக்கணும். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும் தொடங்கலாம்.

6 வாரம் முதல் 3 மாதம்: சின்னப் படியில் ஏறி இறங்குவது, சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, நடக்கும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது.

3 மாதத்துக்குப் பிறகு: டாக்டர் சம்மதித்தால் வேகநடை, சமதரையில் சைக்கிள், நீச்சல். எலுமிச்சை ஸ்பூன் போட்டியை நடந்தே ஆடலாம். கபடி, கோகோ, ஸ்கிப்பிங், கயிறு இழுத்தல் வேண்டாம். குதிப்பதும், காலை ஊன்றித் திரும்புவதும், திடீரென இழுபடுவதும் புது மூட்டுக்கு ஆகாது. நடவு, களை எடுப்புக்குப் போகும் முன்பும் டாக்டரிடம் கேளுங்கள். சேற்றில் கால் புதைந்து திருகிக்கொள்ளும்.

அடுத்த படிக்கு எப்போது போவது? தேதியை மட்டும் பார்க்காதீர்கள், காலையும் பாருங்கள். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிப்பது சகஜம். மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால், முந்தின நாள் அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம். அன்று குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு உருவி விடுவதும், கட்டுப் போடுவதும் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது சிவப்பு.

குழு என்ன செய்யலாம்? சப்பணமிடுவதும் குத்தவைப்பதும் வேண்டாம் என்றே பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். எனவே கூட்டத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தாலும் அந்த அக்காவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். தினம் ஒருவர் முறைவைத்துப் போய் அவரோடு நடந்துவிட்டு வாருங்கள். தனியாகச் செய்யும் பயிற்சி நாலு நாளில் நின்றுவிடும். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊருக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அந்த அக்காவிடம், "கயிறு வேண்டாம்க்கா, எலுமிச்சை ஸ்பூனுக்குப் பேர் கொடுங்க" என்றோம். "எதுவா இருந்தா என்ன, ஓரமா உட்கார வெச்சிடாதீங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

நம் குழுவில் ஆபரேஷன் செய்தவர் யாராவது படுத்தே இருக்கிறாரா? இந்த வாரமே போய்ப் பாருங்கள். "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லாமல், "வாங்கக்கா, வாசல் வரைக்கும் நடப்போம்" என்று கூப்பிடுங்கள்.