பிரேக்கர் ஆனில் இருக்கிறது. குழாய் சூடாக இருக்கிறதா?

2021 பிப்ரவரி 15 அதிகாலை, அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிர். சவுத் டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் முதல் அலகு தானாக நின்றுபோனது. பம்புகளுக்கான அழுத்தம் அளக்கும் சிறு குழாய் ஒன்று குளிரில் பழுதாகித் தவறான சிக்னல் கொடுத்தது; நீர் ஊட்டும் பம்புகள் நின்றன, அதன் பின்னாலேயே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தரும் அலகும் நின்றது.

இப்படிப்பட்ட குழாய்கள் உறையாமலிருக்க அவற்றோடு ஒட்டி ஹீட்டிங் கேபிளை ஓட்டி, மேலே இன்சுலேஷன் சுற்றி, தகரம் போர்த்துவார்கள். பனி பெய்யாத ஊர்களிலும் இது வேண்டும்: உருகிய கந்தகம் சுமார் 115 டிகிரிக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகிவிடும்.

போர்த்திய பிறகு கேபிள் கண்ணுக்குத் தெரியாது. பேனலில் எரியும் விளக்கோ, பிரேக்கர் ஆனில் இருப்பதை மட்டும்தான் சொல்லும். அதை நம்பி இருப்பதுதான் பெரிய ஆபத்து என்பேன்.

முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்று அதிகம் புழங்கும் தானே அடங்கும் வகைக் கேபிளில் இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே கார்பன் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது. குளிர்ந்தால் கூடுதலாகவும், சூடேறினால் குறைவாகவும் அது மின்சாரம் இழுக்கும். ஆகவே 5 ஆம்பியர் ஓடிய சர்க்யூட்டில் 3 ஆம்பியர் என்று காட்டினால், குழாய் சூடேறியிருக்கலாம்; நடுவில் கேபிள் அறுந்து பின்பாதி செத்தும் போயிருக்கலாம். கரண்டோடு குழாயின் வெப்பநிலையையும் சேர்த்துப் படித்தால்தான் எது என்று தெரியும். கேபிளின் கடைசி முனையில் வோல்டேஜ் வருகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதி. ஆனால் கிளை பிரிந்திருந்தால் ஒவ்வொரு கிளையின் முனையையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது லீக்கேஜ், அதாவது கேபிளிலிருந்து வெளியே கசியும் கரண்ட். இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினாலும், கேபிளின் மேலுறை கிழிந்தாலும் இது ஏறும். பெரும்பாலும் 30 மில்லிஆம்பியரில் பிரேக்கர் விழும். அதற்கு முன்பே அலாரம் அடிக்கும்படி வைத்தால், குழாய் குளிர்வதற்குள் ஆள் போய்ப் பார்க்கலாம். மழைக்குப் பின் மட்டும் ஏறி இறங்கினால், முதலில் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்.

குழாயின் வெப்பநிலையை அளக்கும் சென்சர் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். சூடான திரவம் ஓடும் பகுதியில் வைத்தால், அது "போதும்" என்று சப்ளையை நிறுத்திவிடும். ஓட்டமில்லாத கிளைக் குழாய் உறைந்துபோகும்.

உறைபனிக்காகப் போட்ட கேபிள், வெயில் மாதங்களில் தெர்மோஸ்டாட் அணைத்துவைக்கச் சும்மா கிடக்கும். அப்போது வரும் பழுது முதல் குளிர் இரவு வரை வெளியே தெரியாது. நல்ல கண்ட்ரோலர்கள் இந்தக் காலத்திலும் அவ்வப்போது சிறிது நேரம் சப்ளை கொடுத்து கரண்டையும் லீக்கேஜையும் சோதிக்கின்றன. வால்வைக் கழற்றி மாட்டும்போதுதான் கேபிள் நிறைய அடிபடுகிறது. தகரத்தைத் திரும்ப மூடுமுன் மெக்கர் (கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்ப்பதைப் பராமரிப்பு வேலையின் ஒரு பகுதியாகவே எழுதிவைக்க வேண்டும்.